அய்யா இருக்கும்போதே எடுத்த மீசை

லீவுக்குப் பொய் சொல்கிறவர்கள் வயிற்றுவலி என்று சொல்வதே உத்தமம். வயிற்றைத் திறந்து யாரும் பார்க்கப் போவதில்லை. நான் பழனிக்கு மொட்டை போடப் போகிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொன்னவன் திரும்பி வரும்போது தலையில் முடி இருக்கக் கூடாது என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. (இத்தனைக்கும் பி.காம். முடித்திருந்தேன்.)

எண்பத்தொன்பது, தொண்ணூறு வாக்கில் இராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் இருந்ததெல்லாம் ரம்மியில். எங்கே மனமகிழ் மன்றத்தில் ரம்மிப் போட்டி என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு தடவைகூட இரண்டாவது சுற்றைப் பார்த்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ரம்மியில் கை மோசமாக வந்தால் ஆரம்பத்திலேயே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஸ்கூட் என்பார்கள். எனக்கு ஸ்கூட் அடிக்க வராது. பதின்மூன்று சீட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் முறைத்துக்கொண்டு நின்றாலும், அடுத்த சீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைசிவரை உட்கார்ந்திருப்பேன்.

அந்த முறை மதுரையில் போட்டி. முதல் பரிசு ஸ்டீல் பீரோ. எனக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அய்யா, அதாவது அப்பா, வருஷா வருஷம் மூட்டை போடுகிற பரமக்குடி மிளகாய் மண்டிக்காரர் மகள் மல்லிகா. ஒரு கல்யாணத்தில் பார்த்ததுதான். அவள் தன் சித்தி மூலமாக ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள்: "மீசை நல்லா இருக்கு." அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன். புதுப் பெண்டாட்டிக்கு நானே ஜெயித்த பீரோ என்று கற்பனை ஓடியது.

படகுகள் கடலுக்குப் போகிற நாளில் லீவு கேட்டால் எங்கள் முதலாளி பாய் முறைப்பார். ஆனால் சாமி காரியம் என்றால் குறுக்கே நிற்க மாட்டார்.

"நேர்த்திக்கடனா? அதுல நான் தடை சொல்லக் கூடாது தம்பி. போயிட்டு வாங்க. எனக்கும் பஞ்சாமிர்தம் கொண்டாங்க" என்றார்.

மதுரையில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோற்றுவிட்டேன். சாப்பாட்டு டோக்கன் மட்டும் மிச்சம். சாப்பிட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் பாம்பன் பாலத்தின் மேல் காற்று அடித்து முடி முகத்தில் விழுந்தபோதுதான் அந்த முடி இன்னும் இருப்பது உறைத்தது. விடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து நேராக அக்னி தீர்த்தக் கரைக்கு ஓடி, ஒரு சவரத் தொழிலாளி முன்னால் தலையைக் கொடுத்தேன். செத்தவர்களுக்குக் காரியம் செய்ய வருகிறவர்களுக்கே நாள் முழுக்க மழிக்கிற ஆள் அவர்.

"அப்பாவுக்கா?" என்றார்.

தூக்கக் கலக்கத்தில் "ம்" என்று சொல்லி வைத்தேன். கண் விழித்தபோது மீசை இல்லை.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டிய!"

"அப்பாவுக்குன்னு சொன்னிய. மீசைய வச்சுக்கிட்டா காரியம் பண்ணுவாக?" என்று என்னையே கேட்டார். கடல் பக்கத்தில்தான் இருந்தது. விழுந்திருக்கலாம்.

கம்பெனியில் பாய் என் தலையைப் பார்த்து மகிழ்ந்தார். பஞ்சாமிர்தம் எங்கே என்றார். பஸ்ஸில் கொட்டிவிட்டது என்றேன். "பரவால்ல, நிய்யத்துதான், மனசுல நெனச்சதுதான் முக்கியம்" என்றவர் அடுத்ததாகச் சொன்னார்: "ஒங்க ஊருலருந்து போன் வந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக இன்னைக்குச் சாயங்காலம் வீடு பாக்க வாராகளாம். ஒங்கள ஒடனே வரச் சொன்னாக. பொறப்படுங்க, பொறப்படுங்க!"

சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ் போன வழி முழுவதும் மேலுதட்டைத் தடவிக்கொண்டே போனேன், ஏதாவது முளைத்திருக்கிறதா என்று.

ஊர் நிறுத்தத்தில் நான் முன்வாசலில் இறங்க, பின்வாசலில் மல்லிகாவின் அப்பாவும் அம்மாவும் பழத்தட்டோடு இறங்கினார்கள். பரமக்குடி வண்டியிலிருந்து எங்கோ மாறி இதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். மொட்டை. மீசை இல்லை. அதற்குக் கீழே போட்டியில் தோற்ற முகம். எங்கள் பக்கம் இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பழத்தட்டு கீழே விழுந்தது.

"ஏ ஆத்தே! எங்களுக்கு ஒரு சொல் சொல்லலையேப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சீட்டு விஷயம் வெளியே வரும். அடுத்த சீட்டில் சரியாகிவிடும் என்று பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் உட்கார்ந்து அந்த அம்மா அழுத அழுகையை ஊரே கூடிப் பார்த்தது. "மூட்டைக்கு ஒரு படி கூடப் போட்டுக் குடுக்குற மகராசனாச்சே! ஈர மொளகாய ஒருநாள் ஏத்திவிட்டது உண்டுமா! ஒங்க சிரிச்ச மொகத்த இனி எங்குட்டுப் பாப்பேன் அண்ணே!"

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அய்யா, சத்தம் கேட்டு உள்ளே வந்தவர், வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். தடுக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி ஒன்று விடாமல் கேட்டார். மூச்சு வாங்க அந்த அம்மா நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"நல்லாச் சொன்ன தாயி. யாருக்கு அழுகுற?"

அந்த அம்மா மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பழனிக்கு... நேர்த்திக்கடன்..." என்றேன்.

"நம்ம வீட்டுல யாருலே நேந்துக்கிட்டது?" என்றாள் என் அம்மா.

மண்டிக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பழனிக்குப் போன ஆளு பஞ்சாமிர்தம் எங்க மாப்ளே?"

பஸ்ஸில் கொட்டிவிட்டது என்று சொல்ல இந்தத் தடவை வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கக்கினேன். பீரோவைக்கூட விடவில்லை.

"சீட்டுக்காகப் பெத்த அப்பன் உசுரோட இருக்கையில மீசைய எடுத்தவனுக்கு நான் பொண்ணு குடுக்கவா?" என்றார் அவர். அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். கை நனைக்காமல் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச எதுவும் கிடையாது.

மீசை இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. மல்லிகா வரவில்லை. அவளை ஒரு போலீஸ்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்கு நல்ல மீசை. ஐஸ் அறைக்குள் போய் யாருக்கும் தெரியாமல் அழுதேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அழுதேன்.

பிறகு எனக்கும் ஒருத்தி வாய்த்தாள். மீசையைத் திருத்த நான் கத்தரிக்கோல் எடுத்தால் போதும், "மாமா, வெளிய வந்து ஒருக்காத் தலையக் காட்டுங்க" என்று அய்யாவைக் கூப்பிடுவாள். அய்யாவுக்கோ அந்தக் கதையில் வேறு பெருமை. "என் எழவு அழுகைய நானே கேட்டவன்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

சில வருஷங்களுக்கு முன் அய்யா போனார். கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையும் வெற்று உதடுமாக வாசலில் உட்கார்ந்திருந்தேன். என்னவோ, கண்ணீரே வரவில்லை. மறுநாள் துக்கம் கேட்க மல்லிகாவின் அம்மா வந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். படியில் கால் வைக்காமல் என் தலையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தடவ நெசந்தானா தம்பி?"

உள்ளே பெண்கள் கூட்டத்தில் என் மனைவிதான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. துக்க வீடே சிரித்தது.

"நெசந்தான் அத்தே" என்றேன். கையைப் பிடித்துப் படியேற்றினேன்.

அவர் உட்கார்ந்து, "மூட்டைக்கு ஒரு படி கூடப் போட்டுக் குடுக்குற மகராசனாச்சே" என்று ஆரம்பித்தார். அதே வார்த்தைகள். அப்போதுதான் நானும் அழுதேன், வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டே. அங்கே சாய்ந்து நின்று கேட்க ஆளில்லை.