ஒடிந்த ஊசியும் உன் அக்காவும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதில் பாதியைத்தான் எழுத முடிகிறது: உன் நலமறிய ஆவல். நீயும் உன் குடும்பத்தாரும் உன் அலமாரி நிறைய இருக்கும் இசைத்தட்டுகளும் கீறல் படாமல் இருக்க வேண்டுகிறேன். எங்கள் நலம் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

முப்பத்தைந்து வருடம் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பிழைத்தவன் நான். கிளினிக்கை மூடியதும் பேசாமல் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்திருப்பேன். நீதான் வந்து, "அத்தான், ரெக்கார்டு பிளேயர்ல மத்ததெல்லாம் வெறும் உடம்பு, கார்ட்ரிட்ஜ்தான் உயிர்" என்று சொல்லி, கட்டைவிரல் நகத்தளவு ஒரு பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். அதற்குள் மயிரிழையைவிட மெல்லிய கம்பிச் சுருள், அதிலிருந்து எறும்புக்கால் மாதிரி நீளும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் வைர ஊசி. வைரம் என்றதும் உன் அக்கா ஆசையாக வந்து நின்றாள். பூதக்கண்ணாடியில் காட்டினேன். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று பிடித்தது சனி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊசியில் துளி தூசி தெரிந்தது. பின்னாலிருந்து முன்னால்தான் துடைக்க வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். பல்லைக் குறுக்கே தேய்க்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், ஊசியைக் குறுக்கே தேய்த்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தண்டு இரண்டாகிவிட்டது. கை சும்மா இருக்குமா? எத்தனை உடைந்த பல்லை ஒட்டியிருக்கிறோம், இது எந்த மூலைக்கு என்று, மீதமிருந்த பல் சிமெண்டை எடுத்து லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒட்டியும் விட்டேன். தட்டைப் போட்டால், பாடினவர் என் நோயாளிகள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவார்களே, அப்படிப் பாடினார். உன் அக்கா எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்த நேரத்தில் என் நாக்கில் எது வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை, அவள் தூசி தட்டும்போது துணி பட்டு ஒடிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிளேயர் இருக்கும் அலமாரிப் பக்கமே தான் போவதில்லை என்றாள். துணிக்கு அது தெரியுமா என்று கேட்டேன். அதற்கப்புறம் பதினோரு நாள் பேச்சில்லை. மேசையில் சாப்பாடு இருக்கும், அவள் இருக்கமாட்டாள்.

பழுது பார்ப்பார் என்று நீ விலாசம் கொடுத்த ஊசிக்காரருக்குப் பெட்டியை அனுப்பிவைத்தேன். எப்படி ஒடிந்தது என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். 'வீட்டில் சுத்தம் செய்கையில்' என்று யார் தலையிலும் விழாத மாதிரி எழுதினேன். பன்னிரண்டாம் நாள் அவரிடமிருந்து போன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் (ஆமாம், அந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது). கையெல்லாம் சோப்பு என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்து அறையில் உன் அக்கா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தேன் சார். தண்டுல சிமெண்ட் அப்பியிருக்கு. இது கடையில விக்கிற பசை இல்ல, பல்லுல அடைக்கிறது. உங்க வீட்டுல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார்" என்று உன் அக்கா அங்கிருந்தபடியே பதில் சொன்னாள். "இப்ப அவரால வாய் திறக்க முடியல."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் சட்டைகளை மட்டும் பொறுக்கி, கசங்கலோடு மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் போய், நான்தான் ஒடித்தேன், பழியையும் நான்தான் போட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "தெரியும்" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துப் புதுத் தண்டு, புது வைரத்தோடு கார்ட்ரிட்ஜ் வந்தது. ஐம்பது மணி நேரம் ஓடினால்தான் இளகிக் குரல் திறக்கும் என்று ஒரு சீட்டு. ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கீழ்வீட்டு வக்கீல் மேலே வந்து, பாடுகிற அம்மா இரண்டாவது சரணத்தைத் தாண்டிப் போகும் உத்தேசம் உண்டா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். முப்பதாவது மணி நேரத்தில் இடப்பக்கம் ஊமையாகிவிட்டது. ஒயரை மாற்றினேன். அலமாரிக்குப் பின்னால் ஊர்ந்து போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஊசிக்காரரைக் கூப்பிட்டால், இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னார். அப்போதும் இடப்பக்கம்தான் ஊமை.

"சரி, இப்ப ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காந்து கேளுங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அதுவரை பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஊமையாகி, ஊமையாக இருந்தது பாடியது. "கார்ட்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு சார். காது டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

காது டாக்டர் என் பழைய நோயாளி. "வலிக்காது, லேசா ஒரு அழுத்தம் தெரியும்" என்று என் வாக்கியத்தை என்னிடமே சொல்லி, இடக்காதிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு எதையோ எடுத்துத் தட்டில் போட்டார். உயிர் போய் வந்தது. அந்த வாக்கியத்தை நம்பி முப்பத்தைந்து வருடம் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு எல்லாம் கேட்கிறது. இசைத்தட்டில் இருக்கும் தூசி ஒவ்வொன்றும் பொரிகிறது. உன் அக்கா முணுமுணுப்பதெல்லாம் முழு வாக்கியமாக வந்து விழுகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஊசி, பிளேயர், தட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். வாங்கிக்கொள்ள, கப்பலில் எஞ்சினியராக இருந்த ஒருவர் இன்று மத்தியானம் வருகிறார். இனிமேல் என்னிடம் கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லை எடுத்தால் நம் உறவு இந்தக் கடிதத்தோடு சரி. உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
நிம்மதியை நாடும் உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கப்பல்காரர் வந்துவிட்டார். நான் அட்டைப்பெட்டி தேடப் போன நேரத்தில், ஓடுகிறதா என்று காட்டுவதற்காக உன் அக்கா தானே ஒரு தட்டை வைத்திருக்கிறாள். பெட்டியோடு வந்து பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒயரைக் கழற்ற எழுந்தார். "அந்தப் பக்கம் முடியட்டும், உக்காருங்க" என்றாள். நான்கு பக்கம் ஆயிற்று. மனிதர் காப்பியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். "பாடுற பொண்ணு மூச்சு எடுக்கிறது கூடக் கேக்குது. இத்தனை நாள் நீங்க கேட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். நான் கேட்டதில்லை. இதைவிட நல்ல ஊசி உண்டா, தம்பிக்குத் தெரியுமே என்கிறாள். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் உனக்குப் போன் செய்திருப்பாள். எதைச் சொன்னாய் என்று எனக்கும் ஒரு வரி எழுது.