மாப்பிள்ளையின் இளஞ்சிவப்பு உருண்டை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். நலம் என்றால் உடம்பளவில்தான். வெளிநாட்டில் உங்கள் வேலை நல்லபடியாக நடக்க வேண்டுகிறோம். இதைப் படிக்கும்முன் தயவுசெய்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளவும்.

உங்கள் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள் என்று, நீங்கள் சேர்த்த கற்களிலேயே உயர்ந்ததான அந்த டூர்மலின் கல் உருண்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றித்தான். எலுமிச்சம்பழ அளவுதான், ஆனால் அது வந்த நாள் முதல் எனக்குத் தூக்கமில்லை. வெளிச்சத்தில் இருந்தால் அழகாயிருக்குமே என்று ஜன்னலோரம் வைத்தேன். வெயிலில் சூடேறியதும் பக்கத்திலிருந்த தூசியும் பஞ்சும் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொண்டன. உங்கள் மாமியார் பார்த்துவிட்டு, "என்னங்க, இது இழுக்குது! உயிர் இருக்குங்க இதுக்கு!" என்று கத்தினாள். சூடேறினால் அந்தக் கல்லில் மின்சாரம் உண்டாகும் என்று பிறகு, பெயின்ட் வேலை முடியும்வரை எங்களோடு தங்கியிருக்கும் எங்கள் மகள் சொன்னாள். அதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பயந்துபோய் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். வழவழவென்று மெருகேற்றிய கல்லும் சோப்பும் சேர்ந்தால் கையில் நிற்குமா? வழுக்கி என் கால் பெருவிரல்மேல் விழுந்தது. விரல் வீங்கியதைப் பற்றிக் கவலையில்லை, கல்லுக்கு மெத்தையாக இருந்ததே என்ற நிம்மதி. ஆனால் அது அங்கே நிற்கவில்லை, மாப்பிள்ளை. உருண்டு, கூடத்தைத் தாண்டி, திறந்திருந்த வாசல் கதவு வழியாக, கம்பளம் விரித்த படிகளில் தொம் தொம்மென்று இறங்கிக் கீழ்த்தளத்துப் பல் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது.

நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். அங்கே வாய் மரத்துப்போய்ச் சாய்ந்து கிடந்த ஒருவர், தன் காலடியில் இளஞ்சிவப்பாக ஈரத்தோடு ஏதோ பளபளப்பதைப் பார்த்து, "டாக்டர், என் ஈறு! என் ஈறு கீழ விழுந்துடுச்சு!" என்று அலறுகிறார். பல் டாக்டரம்மா அதை எடுத்து விளக்கில் காட்டினார். "ஐயா, உள்ள விரிசல் இருக்கே. மேலேருந்து நடு வரைக்கும் ஓடியிருக்கு. அடைச்சுக் குடுக்கட்டுமா?"

"வேணாம்மா, கையை எடுங்க! மாப்பிள்ளையோட கல்லும்மா அது!" என்றேன்.

காப்பீட்டு அலுவலகத்தில், உடைந்த பொருள்களைப் பார்வையிட்டே ஓய்வுபெற்றவன் நான். கை தவறி விழுந்ததென்று யார் சொன்னாலும் நம்பியதில்லை. இப்போது நான் சொன்னால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? சேகரிப்பாளர்கள் எல்லாரும் கூடும் கண்காட்சியில் இதைத்தானே நடுநாயகமாக வைக்கப் போகிறீர்கள்? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் நீங்கள்தானோ என்று உங்கள் மாமியார் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்கிறாள். போனை எடுப்பது நான்.

என்ன தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள், எங்கள் பெண்ணிடம் முகம் கோணாதீர்கள். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இன்னும் உங்கள் மாமாவாகவே இருக்க விரும்பும்,
மாமா

பி.கு.: அலுவலகத்திலிருந்து வந்த மகள் கல்லைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். "அப்பா, இது பழைய விரிசல். போன வருஷம் அலமாரி துடைக்கிறப்ப நான்தான் கீழ போட்டேன். அவரு பார்த்துட்டு, கல்லுக்குள்ள இயற்கையாவே ஓடுற மின்னல் கோடுன்னு எல்லார்கிட்டயும் பெருமையா காட்டிக்கிட்டிருக்காரு. நீங்க வாயைத் திறக்காதீங்க." என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே மாப்பிள்ளை, இந்த விஷயத்தை உங்களிடம் நான் சொல்லவே மாட்டேன்.