கிணற்றுப் பெட்டியும் பீளமேட்டு ராமாமணியும்

துப்பறியும் கலை லண்டன் மாநகரில் பிறந்தது என்று சொல்பவர்கள் பீளமேட்டைப் பார்க்காதவர்கள். அது 1935-ஆம் வருஷம், பஞ்சுத் தரகர் அரங்கசாமி நாயுடு வீட்டுப் பின்கட்டில், அவர் மனைவி ராமாமணியம்மாளின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் பிறந்தது. அப்போது அம்மாளுக்கு ஐம்பத்துநாலு வயது. கலைக்கு வயது ஏது?

மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய பூனை பங்காரு காணாமல் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில், பூனைக்குப் புகார் எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். சட்டம் கைவிட்டால் சாஸ்திரம். வாசகசாலையில் 'ஒழுக்கத்துக்கு ஊறு செய்பவை' என்று தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்த நாற்பத்துமூன்று துப்பறியும் நாவல்களையும் வாங்கி வந்து படித்தாள். ஜமீன் வாரிசுகளும் மரகத மாலைகளும் காணாமல் போயினவே தவிர, ஒரு நாவலில் கூடப் பூனை காணாமல் போகவில்லை. யாரைச் சந்தேகிக்கவே மாட்டோமோ அவர்தான் குற்றவாளி என்று மட்டும் தெரிந்தது. உடனே வண்ணாரையும் பால்காரரையும் மில் சங்கையும் சந்தேகித்தாள். பங்காரு கிடைக்கவில்லை. ஆனால் நாற்பத்துமூன்று நாவல் படித்தவருக்கு நாற்பத்துநாலாவதை எழுதத் தோன்றும். அதற்கு வைத்தியம் கிடையாது.

இதற்கிடையில் ஒரு வெள்ளைப் பூனை தானாக வந்து சேர்ந்தது. நீலக் கண், யாரையும் மதிக்காத நடை. 'துரை' என்று பெயர் வைத்தாள். நாவல்கள் சொல்லாததைத் துரை சொல்லிக் கொடுத்தார். எலி வளையை அவர் தோண்டுவதில்லை. எதிரில் உட்கார்ந்து இமைக்காமல் பார்ப்பார். எலிக்குத் தாங்காது. தானே வெளியே வந்துவிடும்.

'கிணற்றுப் பெட்டி அல்லது நடுங்கிய நகரம்' உள்ளூர் வாரப் பத்திரிகையான 'நொய்யல் தூத'னில் தொடங்கியது. முதல் அத்தியாயத்தில் கோயமுத்தூர்ப் பெரிய மனிதர் ஒருவருடைய தோட்டத்துக் கிணற்றைத் தூர்வாருகிறார்கள். பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று மேலே வருகிறது. அதோடு அத்தியாயம் முடிந்தது. உள்ளே என்ன என்று ராமாமணிக்கே தெரியாது. ஐந்தாம் அத்தியாயத்துக்குள் தோன்றும் என்று நம்பியிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே நகரசபை மெம்பர் சென்னிமலைக் கவுண்டர் வந்தார்.

"ஏனுங்கம்மா, கதை வெகு ஜோருங்க. அந்தப் பெட்டிக்குள்ள... ஓட்டுச் சீட்டு எதுவும் இருக்காதுங்களே?"

ராமாமணி காபியை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். துரை எதிர் நாற்காலியில் ஏறி மெம்பரைப் பார்த்தார்.

"செத்தவங்க ஓட்டுப் போட்டாங்கன்னு சொல்றதெல்லாம் புரளிங்க. ஒரு நாப்பது பேரு இருக்கும், அவ்வளவுதானுங்க" என்றார் மெம்பர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மதுவிலக்குச் சங்கத் தலைவர் தம்பிதுரை அடுத்து வந்தார். "பாட்டில் கீட்டில்னு எழுதிப்போடாதீங்க அம்மணி. அது இருமலுக்கு" என்றார். சொற்பொழிவாளர் ஆறுச்சாமி வந்தார். "காயிதம் எதாச்சும் இருந்தா, என்ற சம்சாரம் கையெழுத்துன்னு மட்டும் சொல்லீராதீங்க. பேசறது நாந்தானுங்க, எழுதறதுதான் அவ" என்றார். காபிப்பொடி தீர்ந்தது. பெட்டி இன்னும் திறக்கவில்லை.

ஏழாவது வாரம் 'இலக்கிய ஒழுக்கப் பாதுகாப்புக் கமிட்டி' அவசரமாகக் கூடியது. கதையில் குற்றவாளி எவராயினும் அவர் வெளி ஜில்லாவில் பிறந்தவராக இருத்தல் வேண்டும் என்று தீர்மானம். திருச்சி என்று ஒருவர் சொன்னார். தன் சம்பந்தி ஊர் என்று இன்னொருவர் எழுந்தார். சேலத்துக்கும் சம்பந்தி இருந்தார். சென்னைக்கு மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. தீர்மானத்தை ஆமோதித்தவர் அரங்கசாமி நாயுடு.

வீட்டுக்கு வந்து அவர் துரைக்கு எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார்.

"அம்மணி, அந்தப் பெட்டிக்குள்ள பூனை இல்லீல்ல?"

ராமாமணியின் பேனா நின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. இந்தத் தடவை அது துரையிடம் கற்ற வித்தை அல்ல.

"உசுரோடதான் அனுப்பிச்சேன். மில்லுக்குக் காட்ட வெச்சிருந்த என்ற பஞ்சுச் சாம்பிள் பொட்டலத்துக்குள்ள குட்டி போட்டுப்போட்டுது. மில்லுக்காரங்க முன்னால பிரிச்சா உள்ள நாலு குட்டி. தேங்கா வண்டில ஏத்தி, கிணத்துக்கடவுல மாசாணியம்மாள்னு ஒருத்தங்க ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டேன். குட்டிகளையுந்தான்."

நாற்பத்துமூன்று நாவல் படித்தும், மூன்று வருஷமாகத் தன் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவரை அவள் சந்தேகிக்கவில்லை. "மூணு வருசமா நான் தெருத்தெருவாக் கூப்பிட்டுட்டுப் போனேனுங்க. நீங்களும் கூட வந்து கூப்பிட்டீங்க" என்றாள். அவர் தலை குனிந்தார். அன்று ரசத்தில் உப்பில்லை. மறுநாளும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மோட்டார் பஸ் ஏறிக் கிணத்துக்கடவு போனாள். பங்காரு மாசாணியம்மாள் வீட்டுத் தேங்காய்க் குவியல் மேல், பேரன் பேத்திகள் சூழப் படுத்திருந்தது. ஜில்லா போர்டு மெம்பர், மனு கொடுக்க வந்தவரைப் பார்ப்பது போல ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டது.

"உங்களோடதுங்களா? கொண்டு போறீங்களா?" என்று மாசாணியம்மாள் கலக்கத்தோடு கேட்டாள்.

"இல்லீங்க. நல்லா இருக்குதான்னு பாக்க வந்தேன்" என்றாள் ராமாமணி. பஸ்ஸில் திரும்பும்போது அழுதாள். வழியில் இருக்கும் ஒத்தக்கால் மண்டபம் வரைதான். அதற்குள் கடைசி அத்தியாயம் பிடிபட்டுவிட்டது.

பெட்டிக்குள் எதை வைத்தாலும் அது ஊரில் யாரோ ஒருவருக்கு உண்மையாகிவிடும். நாவல் என்பதோ கற்பனையாக இருக்க வேண்டும். மிச்சமிருந்த ஒரே கற்பனையை எழுதினாள்: பெட்டியைத் திறந்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை.

ஊர் மூச்சு விட்டது. பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. 'துப்பறியும் திலகம்' என்ற பட்டமும் சரிகைச் சால்வையும் தந்தார்கள். ஆறுச்சாமி அருமையாகப் பேசினார். அவர் சம்சாரம் முன் வரிசையில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நகரசபை மெம்பர் எழுந்து, "பெட்டி காலியாக இருந்தது நம் நகரத்தின் தூய்மைக்கு அத்தாட்சி" என்று முழங்கினார். அம்மாள் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ராமாமணி எழுந்தாள்.

"பெட்டி காலின்னதும் உங்களுக்கெல்லாம் சந்தோசம்னு தெரியுதுங்க. எனக்கு ஒரே ஒரு வருத்தம். இருவது வாரம் கதை வந்துது. எத்தனையோ பேரு ஊட்டுக்கு வந்தீங்க. 'அம்மணி, அது வெறும் பெட்டியாவும் இருக்கலாமே'ன்னு கேக்க ஒருத்தர் கூட வரலைங்க."

மண்டபத்தில் பலத்த கைதட்டல். முதலில் நிறுத்துபவர்மேல் சந்தேகம் விழுமோ என்று, அன்று கோயமுத்தூர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் கை சிவக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.