பந்தலில் உட்கார்ந்த கண்ட்ராக்டர்

வாழ்நாளில் ஒருமுறைகூட 'வாழ்க' என்று சொல்லாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில். எங்கள் பக்கத்துக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். எல்லோருக்கும் அவர் 'ஒழிக அண்ணன்'. டீயில் சர்க்கரை குறைந்தால் கடை வாசலிலேயே முஷ்டியை உயர்த்துவார். ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொல்லி மேடையேற்றினார்கள். கொஞ்ச நேரம் யோசித்தவர், "வரதட்சணை ஒழிக!" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நான் வீடு கட்டியபோது அவருடைய ஆட்கள்தான் வேலை செய்தார்கள். கண்ட்ராக்டர் தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக இருப்பார்; நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். உயரத்தில் நிற்பவர்களுக்கு இடுப்புப் பெல்ட் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அண்ணன் அலுத்துப் போனார். கடைசியில், மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போட வேண்டிய நாளில் என் வீட்டு வாசலில் போராட்டப் பந்தல் முளைத்தது. பந்தலுக்குச் சவுக்குக் கம்பு தந்தவர் கண்ட்ராக்டர். மைக்கும் அவருடையதுதான். "சங்கத்து மைக்கு கொரகொரன்னு கீதுப்பா, திட்டறது சரியா கேக்க மாட்டேங்குது" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

கோஷம் உச்சத்தில் இருக்கும்போது கலவை லாரி வந்து நின்றது. தாம்பரம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கலவை லாரிக்குள்ளேயே இறுகிவிடுமோ என்று அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணா, என் வீடு..." என்றேன்.

"பயப்படாத சார். நம்ம சண்டை கண்ட்ராக்டரோட. காங்கிரீட் இன்னா பாவம் பண்ணுச்சி? போட்டுட்டு வந்து மறுபடியும் குந்திக்கறோம்" என்று எழுந்த அண்ணன், சட்டென்று நின்றார். "பந்தல் காலியா கீதுன்னா போராட்டம் வாபஸ்னு ஆயிடுமே! யாராச்சும் குந்தணும்."

நான் முன்வந்தேன். "நீ வூட்டுக்காரரு சார், உன்கு இன்னா கோரிக்கை கீது?" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கண்ட்ராக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், நானா?" என்றார் கண்ட்ராக்டர்.

"நீதான் சும்மா கீற. கொடியப் புடி. அப்பப்போ கோஷம் வுடு."

அப்படித்தான் கண்ட்ராக்டர் தன்னை எதிர்த்து நடந்த போராட்டத்தில் தனியாளாக உட்கார்ந்து, "கண்ட்ராக்டர் அராஜகம் ஒழிக!" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். குரல் இறங்கும்போதெல்லாம் மாடியிலிருந்து அண்ணன், "இன்னா, சாப்புடலயா? சத்தமா!" என்று அதட்டினார்.

மேலே அண்ணன் யாரையும் ஓரத்துக்கு விடவில்லை. "பெல்ட்டு வர்ற வரைக்கும் எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று எல்லோரையும் நடுவில் நிறுத்திவிட்டு, ஓர வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பந்தலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த ஓரம்தான் நேராகத் தெரியும். தூறல் ஆரம்பித்தது. ஈரப் பலகையில் அண்ணனின் கால் சறுக்கியது. கம்பியை எட்டிப் பிடித்துத் தொங்கி, எப்படியோ ஏறிவிட்டார். கீழே எங்களுக்குத்தான் உயிர் போய்த் திரும்பியது.

கண்ட்ராக்டர் கொடியோடு எழுந்து ஓடினார். "டேய், எவனாச்சும் வண்டிய எடு! ஹார்ட்வேர் கடையில கீற பெல்ட்டு அத்தனையும் வாங்கினு வா!" அதுவரைகூடப் பொறுக்காமல் தானே மேலே ஏறி, அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் தொப்பையில் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த உடம்பை அசைக்க வண்டலூர் மிருகக்காட்சி சாலையிலிருந்து யானைதான் வர வேண்டும்.

"இன்னாய்யா, பந்தல வுட்டுட்டு வந்துட்ட?"

"கோரிக்கைய ஏத்துக்கினேன்யா! வேலையப் பாரு!"

தளம் முடிந்தது, பெல்ட்டுகளும் வந்தன. தளம் போடும் நாளில் கண்ட்ராக்டர் பிரியாணி போடுவது வழக்கம். போராட்டம் முடியாமல் அதைத் தொடக்கூடாது என்பது அண்ணனின் சட்டம். ஆட்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இப்போதாவது கண்ட்ராக்டரை வாழ்த்துவாரா? அண்ணன் முஷ்டியை உயர்த்தினார். வாய் திறந்தது. கையை அப்படியே இறக்கிக் கண்ட்ராக்டரின் தோளில் போட்டு, "வாய்யா, துன்னலாம்" என்றார்.

அந்தத் தளம் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும்தான். ஆனாலும் போன வாரம் அண்ணனுக்குப் போன் செய்து, மேலே இன்னொரு மாடி கட்டலாமென்று இருக்கிறேன் என்றேன்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு சார் அவ்ளோ பெரிய வூடு? பேராசை ஒழிக!" என்றார்.

என்ன செய்வது? அவரை மறுபடியும் என் வாசலில் உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.