முதுகைக் காட்டிய மகனும் குழாய்க் காக்காவும்

எங்கள் கல்முனைக் கரையில் ஆட்களை ஓட வைக்கிற வல்லமை, கடலுக்கு அடுத்தபடியாக, ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் குழாய்க் காக்கா. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கடலாவது ஒரு காலையில் துரத்தியதோடு விட்டுவிட்டது. காக்கா பின்னேரம் அஸர் தொழுத கையோடு தினமும் துரத்துவார். “குழாய் வருது” என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், வலை தைத்துக்கொண்டிருந்தவன் வலைக்குள்ளேயே புகுந்துகொள்வான். ஐஸ் பெட்டி சுமந்தவன் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். மீன் வாங்கப் போன நான் ஒருமுறை ஒரு சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் உடம்பு சைக்கிளுக்குப் பின்னால் எப்படி ஒளியும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கையில் இருந்தது சுடுகிற துவக்கு அல்ல, கெமரா. துவக்கென்றால் இந்த அளவு பயந்திருக்க மாட்டோம். அந்தக் காலத்தில் துவக்கு எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

சுனாமிக்கு முன்னால் காக்காவும் மற்ற ஸ்டூடியோக்காரர்களைப் போலத்தான் இருந்தார். கடற்கரைப் பக்கம் முன்னறையில் ஸ்டூடியோ, பின்னறையில் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் மகன் நௌசாத்தும் ஒரு கலியாண விசயமாகச் சம்மாந்துறைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஸ்டூடியோ இல்லை, வீடு இல்லை, மனைவி இல்லை, சின்ன மகள் இல்லை. கெமராக்களும் நெகட்டிவ்களும் அல்பங்களும் போன இடம் தெரியவில்லை. ஊரையே படம் பிடித்த மனிதரிடம் சொந்த மனைவியின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சியது ஒரு குழாய். முழங்கை நீளத்தில் ஒரு பழைய டெலி லென்ஸ், அவருடைய வாப்பா காலத்துச் சாமான். எல்லாவற்றையும் கையால்தான் திருக வேண்டும். சம்மாந்துறைக் கூட்டாளி ஒருவர் வயலில் மயில் பார்ப்பதற்கு இரவல் வாங்கிப் போனதால் அது தப்பியது. கெமரா வேறு வழியில் வந்தது. நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் டிஜிட்டலுக்கு மாறினான். தன்னுடைய புதுப் பிலிம் கெமராவைக் காக்காவுக்குக் கொடுத்துவிட்டு, லென்சைக் கழற்றித் தன்னோடு கொண்டுபோய்விட்டான். ஆக, காக்காவிடம் தலை இல்லாத ஒரு புது உடம்பும், உடம்பு இல்லாத ஒரு பழைய தலையும் இருந்தன. ஒன்றில் மற்றது பொருந்தாது.

லேத்துப் பட்டறையில் ஒரு பித்தளை வளையம் கடைவித்தார்.

“இது எந்தத் தண்ணி மெசினுக்கு காக்கா?” என்று பட்டறைக்காரர் கேட்டார்.

“கெமராக்கு மனே.”

“அப்ப கொஞ்சம் தடிப்பாப் போடுறன். கழண்டு உழாது.”

அந்தத் தடிப்பில்தான் வினை இருந்தது. லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே தூரம் கூடிப்போனதால் தொலைவில் உள்ளது எதுவும் தெளிவாக வராது. ஓரளவு தூரம் வரை தெளியும், அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சி. தூரத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த லென்ஸ் தூரத்தைப் பார்க்க மறுத்தது. மிகக் கிட்ட வந்தாலும் பார்க்காது. அது அதன் பிறவிக் குணம். புது உடம்புக்கோ தனக்கு ஒரு தலை முளைத்திருப்பதே தெரியாது. லென்ஸ் எங்கே என்று கேட்கிற மாதிரி அதன் சின்னத் திரையில் ஓர் அடையாளம் மின்னிக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தையும் அளந்து சொல்லாது. காக்கா மணலைப் பார்ப்பார், யாராவது உடுத்திய வெள்ளைச் சாரத்தைப் பார்ப்பார், வாய்க்குள் ஒரு கணக்குப் போடுவார்.

“ரெண்டும் ஒண்டோடொண்டு கதைக்கிறல்ல மனே,” என்பார். “மாமியும் மருமகளும் போல. ஆனாலும் சோறு ஆகுது.”

என்னுடைய போட்டோ கொப்பிக் கடைக்கு நேர் எதிரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துப் புது ஸ்டூடியோ திறந்தார். அறைக்குள் நின்று அந்த லென்சால் படம் எடுக்க முடியாது. அதனால் வாடிக்கையாளர் அறைக்குள்ளே கதிரையில் உட்கார்ந்திருப்பார், காக்கா தெருவைக் கடந்து வந்து என் கடை வாசலில் நிற்பார். நடுவில் கல்முனைப் பெரிய தெரு. அக்கரைப்பற்று பஸ், நெல் லொறி, ஓட்டோ, மாடு.

“காக்கா, சிரிக்கவா?”

“என்ன?”

“சிரிக்கவா எண்டு கேக்கன்.”

“பஸ் போகட்டும். பொறகு சிரி.”

ஓய்வு பெறப்போன அதிபர் ஒருவரின் கழுத்துக்கு மேலே பஸ் கொண்டக்டரின் தலை வந்துவிட்டதாகவும், ஓய்வூதியக் கந்தோரில் அதை ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. கொண்டக்டரின் தலை வந்தது உண்மை. நான் என் கண்ணால் பார்த்தேன்.

இவ்வளவும் சிரிப்புத்தான். ஆனால் அந்த அறைக்கு வேறு ஆட்களும் வந்தார்கள். “எண்ட மகள நீங்கதானே காக்கா பாலர் பாடசாலைல படம் புடிச்ச? ஒரு கொப்பி இரிக்கா?” என்று கேட்டு வந்தார்கள். பிள்ளையும் போய், வீடும் போய், வீட்டிலிருந்த படமும் போனவர்கள். காக்கா எழுந்து நின்று, இல்லை என்று தலையாட்டுவார். அவர்கள் போன பிறகும் நின்றுகொண்டே இருப்பார். எதிர்க்கடையிலிருந்து அதைப் பார்ப்பது எனக்குப் பொறுக்காது. உள்ளே போய் ஏதாவது ஒரு பெட்டியை இடம் மாற்றி வைப்பேன்.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: “எண்ட பொஞ்சாதிட குரல் கேக்குது மனே. நடையும் தெரியுது. முகம் மட்டும் தெளியுதில்ல. இனி இந்தக் கரையில ஆருக்கும் அப்பிடி வரப்படா.”

அன்றிலிருந்துதான் குழாயைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகத் தொடங்கினார். கடலுக்குப் போகிற ஒவ்வொருவனுடைய முகமும் வேண்டும் என்றார். ஊர் என்ன சொல்லும்? அவர் படம் பிடித்த ஒருவர் கடலில் போனார். இன்னொருவர் காய்ச்சலில் போனார். காய்ச்சலுக்கும் கெமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற ஆள் எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

பிறகு அந்தச் சிப்பாய். சோதனைச் சாவடியில் குழாயைக் கண்டதும் அவன் மண்மூட்டைக்குப் பின்னால் படுத்துவிட்டான். காக்கா இரண்டு கையையும் தூக்கினார், கழுத்தில் குழாய் ஆடியது, தெருவில் நின்றவர்கள் காக்காவுக்காகக் கலிமா சொல்லி முடித்துவிட்டார்கள். கடைசியில் சிப்பாய் எழுந்து வந்து, குழாய் வழியே பார்த்துச் சிரித்துவிட்டு, ஊரிலிருக்கிற தாய்க்கு அனுப்ப ஒரு படம் பிடிக்கச் சொன்னான். நல்ல படம். மீசை சரியாக முளைக்காத பிள்ளை முகம். கொஞ்ச நாளில் அவனை வடக்கே சண்டைக்கு மாற்றினார்கள். அவன் இல்லை என்ற செய்தி அதே சாவடி வழியாகத்தான் ஊருக்கு வந்தது. படத்தைத் தாயிடம் சேர்க்க அங்கிருந்தவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். ஒரு தாயிடமாவது முகம் போய்ச் சேர்ந்தது என்று காக்கா ஆறுதல் பட்டார். ஊர் அன்றைக்கே கெமராவுக்கு ‘மையத்துக் கெமரா’, அதாவது பிணக் கெமரா, என்று பெயர் வைத்தது.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவன் நௌசாத்தான். ஸ்டூடியோ போன பிறகு அவன் கடல் தொழிலுக்கு இறங்கியிருந்தான். ஒருநாள் என் கடையில் வைத்து வாப்பாவும் மகனும் கொழுவிக்கொண்டார்கள்.

“நீங்க கரைக்கு வந்தா என்னய ஒருத்தனும் போட்டுல ஏத்துறான் இல்ல வாப்பா.”

“ஏத்தாட்டி நல்லம். கடலுக்குப் போகாத.”

“போகாம? பஸ்ஸுக்கு ஊடால ஆக்களப் படம் புடிக்கச் செல்லுறீங்களா?”

“அப்ப ஒரு முகத்தக் காட்டிட்டுப் போ மகன். ஒண்டே ஒண்டு.”

“உம்மாவ எடுத்த கடல் என்னயும் எடுக்கும் எண்டு நீங்களே முடிவு கட்டிட்டீங்க. அதுக்கு நான் முகம் காட்டமாட்டன்.”

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் வாப்பாவுக்குக் காட்டியதெல்லாம் அந்த முதுகைத்தான்.

ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு சகோதரர்கள் மட்டும், குழாய்க்குப் பயப்படாமல், அவனைத் தங்கள் படகில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னேரங்களில் அந்தப் படகைத் தள்ளும்போது காக்கா கடலுக்குள் இறங்குவார். படகு கொஞ்சம் விலகினாலும் எல்லாம் கஞ்சியாகிவிடும் என்பதால் இடுப்பளவு தண்ணீர் வரை போவார். சாரம் மேலே மிதக்கும், குழாய் தலைக்கு மேல் இருக்கும். கடலை மன்னிக்காத மனிதர், கெமராவுக்காகத் தினமும் அதற்குள் இறங்கினார். சகோதரர்கள் இருவரும் இதைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து முகம் காட்டுவார்கள். அவர்களுடைய உம்மா கரையில் நின்று காக்காவின் மேல் மணலை அள்ளி எறிவா.

நௌசாத் வாப்பாவின் தொழிலைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன். பழைய லென்சில் முகத்தைத் தெளியவைக்க, வெளிச்சம் புகும் துவாரத்தை முழுதாகத் திறக்க வேண்டும், அமுக்குவதற்கு முன் கையாலேயே அதன் வளையத்தைத் திருகிச் சுருக்க வேண்டும், சுருக்கியதும் பார்க்கிற கண்ணாடிக்குள் இருட்டாகிவிடும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வாப்பாவின் விரல் அந்த வளையத்துக்குப் போகும் வரை முகத்தைக் காட்டுவான். விரல் போனதும் திரும்பிவிடுவான். காக்கா இருட்டுக்குள் அமுக்குவார். பிலிம் கழுவி வந்தால் முதுகு.

“முதுகு நல்லா வந்திரிக்கி காக்கா,” என்றேன் ஒருநாள்.

“வெயில் சரியா உழுந்திரிக்கி மனே,” என்றார். கோபமே இல்லை. இன்னொரு பிலிம் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு வாடைக் காலத்தில் அந்தப் படகு போனது. வரவில்லை. இன்றுவரை வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகைக் கட்டுரைதானே, கடைசிப் பத்தியில் கரை சேர்ந்துவிடுவார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டு வாசித்தால் பாவம் எனக்குத்தான் வரும்.

திசை மாறிய படகுகள் வேறு கரையில் ஒதுங்குவதுண்டு. வாழைச்சேனை, திருகோணமலை, பொத்துவில் என்று எல்லாத் துறைக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார்கள். படம் வேண்டும். அடையாள அட்டைகள் அவர்களோடு கடலில். வீட்டுப் படங்கள் முன்பே கடலில். அந்தச் சகோதரர்களின் உம்மா ஸ்டூடியோ வாசலுக்கு வந்தா. மணல் எறிந்த அதே மனுசி. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

“காக்கா, எண்ட மக்கள்ர முகம் ஒங்கட குழாய்க்குள்ள இரிக்கா?”

“இரிக்கி ராத்தா,” என்றார் காக்கா. “ரெண்டு பேருமே சிரிக்கான்கள். வந்து பாருங்க.”

அந்த இரண்டு முகங்களோடும் ஒரு முதுகோடும் என் கடைக்கு வந்தார். மூன்றையும் ஒரு தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதி, கொப்பி எடுக்கச் சொன்னார். முதுகின் மேல் விரலை வைத்துக் கேட்டேன்.

“முதுகப் போட்டா ஆருக்கு காக்கா தெரியும்?”

“அவன்ட முகம் என்னட்ட இல்லயே மனே. இரிக்கிறத்தப் போடு.”

போட்டேன். தலைமுடியும் கறுப்புச் சேட்டும் ஒன்றாகி, மை கொட்டிய மாதிரி வந்தது. மெசினில் வெளிச்சத்தைக் கூட்டினேன். கொஞ்சம் வெளுத்தது. இன்னும் கூட்டினேன். முதுகு வெளுக்கிற அளவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு முகமும் அழியத் தொடங்கின. காக்கா என் கையைப் பிடித்தார்.

“அதுகள்ர முகத்த அழிக்கப்படா.”

அதனால் முதுகைத் தனியாக வெட்டியெடுத்து, அதை மட்டும் வெளுக்க வெளுக்கக் கொப்பி எடுத்தோம். காக்கா ஒவ்வொரு தாளையும் வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து பிரிந்தது, கொலர் தெரிந்தது. கடைசித் தாளில் ஒரு காது வந்தது. தலையைத் திருப்பும்போது கொஞ்சம் பிந்திப்போன இடது காது.

காக்கா அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இது அவன்ட உம்மாட காது மனே,” என்றார். பிறகு மெதுவாக, “இப்ப அவட முகமும் வருது,” என்றார்.

நான் மெசின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று எத்தனை கொப்பி எடுத்தேன் என்று தெரியாது. காக்கா போதும் போதும் என்றார். மெசின் சூடேறித் தானாக நிற்கும் வரைக்கும் எடுத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

துறைமுகச் சுவர்களில் ஒட்டியவை மழையில் போய்விட்டன. காது தெரிகிற ஒன்று மட்டும் என் கடையின் உட்சுவரில் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள், “இது ஆர்ர முதுகு?” என்று கேட்கும். எங்கட நௌசாத்திட என்பேன். காக்காவுக்கு வயது போய்விட்டது. அஸர் தொழுதுவிட்டு இப்போது கரைக்குப் போவதில்லை, என் கடைக்குத்தான் வருகிறார். அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். பார்வையும் மங்கல். அவர் தெருவைக் கடந்து வருவதைக் கண்டதும், அந்தச் சுவருக்கு மேலே இருக்கிற லைட்டைப் போட்டு வைக்கிறேன்.