புத்தூர் வீட்டின் பரப்பளவு

எழுபத்தாறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வரும்போதே தீர்மானித்துவிட்டேன். குடிபோவது புத்தூர் வீட்டுக்குத்தான். பங்குச்சாமியாரே வந்து சொன்னாலும் மாற்றமில்லை.

இருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பார்த்து வைத்தவை இரண்டு. புத்தூர் வீட்டுக்கு எதிரே என் நண்பன் தர்மராஜும் அவன் கேரம் போர்டும். திருவானைக்காவல் வீட்டுக்குப் பக்கத்தில் என் மைத்துனி பேட்ரிசியாவும் அவள் வாயும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தவிர, நான் யார்? கட்டடப் பிரிவில் பதினாறு வருஷமாக டேப் பிடிக்கிறவன்.

“அக்னஸ்! புத்தூர் எழுநூத்தி இருபது சதுர அடி. திருவானைக்காவல் அறுநூத்தி நாப்பது. முடிஞ்சது கதை” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதாங்க” என்றாள் என் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. “ஆமா, அளக்கிறதுல ஏதோ புது ரூல் வந்திருக்குன்னீங்களே, அது என்னது?”

என் உத்தியோகத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி! நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

“முன்னெல்லாம் சுவரோட சேர்த்து அளப்போம். பிளிந்த் ஏரியா. இப்ப சுவர், தாழ்வாரம், குளியலறை எல்லாம் கழிச்சுட்டு, ஆள் புழங்குற தரைதான் கணக்கு. கார்பெட் ஏரியா. எவனாவது பழைய முறையில எழுதிட்டு வந்தா பேப்பரைத் தூக்கி எறிஞ்சிடுவேன்!”

“அப்ப புத்தூர் வீட்டை எந்த முறையில அளந்தீங்க?”

வெங்காயம் நறுக்கியது அவள். கண் கலங்கியது எனக்கு.

“அது... பழைய முறை.”

“சுவருக்குள்ள நாம குடியிருக்க முடியாதுல்லங்க?”

தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே. அன்று சாயங்காலமே பஸ் ஏறி, இரண்டு வீட்டையும் அறை அறையாக அளந்தேன்.

புத்தூர் வீட்டைக் கட்டியவர் அதற்கு முன் கோட்டை கட்டிப் பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடி. கழிக்கக் கழிக்க வீடு சவுக்காரம் மாதிரி கரைந்தது. மிஞ்சியது நானூற்று முப்பது. திருவானைக்காவலில் செங்கல்லைக் கஞ்சத்தனமாகப் போட்டிருந்தார்கள். நானூற்று எழுபது!

மறுநாள் காலை கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

“இந்த ரூல் ஆபீஸ் கட்டடத்துக்குத்தான் அக்னஸ். குடியிருக்கிற வீட்டுக்கு இல்ல.”

“நல்லா அளக்கிறீங்க” என்றாள். டேப்பைச் சொல்லவில்லை.

தோற்றாலும் கம்பீரமாகத் தோற்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“குடும்பத் தலைவன்ங்கிற முறையில நானே முடிவு சொல்றேன். திருவானைக்காவல்தான்!”

“சந்தோஷங்க. அந்த வீட்டுக்காரர்கிட்ட போன புதன்கிழமையே வரோம்னு சொல்லியாச்சு.”

“என்னது! அப்புறம் எதுக்கு என்னை இந்த அளவு எடுக்க விட்டே?”

என் கையிலிருந்த, இரண்டு வீட்டு அளவும் எழுதிய காகிதத்தை வாங்கினாள். புத்தூர் பாதியைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மற்ற பாதியைப் பத்திரமாக மடித்தாள்.

“பாய் நெய்யிறவர் ஒவ்வொரு ரூமுக்கும் சரியான உள்ளளவு கேட்டாருங்க.”