எனக்கா டென்ஷன்?

'டென்ஷனே இல்லாதவர்' என்றொரு மனித இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். "எனக்கா டென்ஷன்? சேச்சே!" என்று மேஜையை ஓங்கித் தட்டிச் சொல்பவர் எவரோ, அவரேதான்.

நமது தெரு அச்சகக்காரரையே எடுத்துக்கொள்ளுங்களேன். நெஞ்சுவலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மாத்திரை மட்டும் போதாது. மனசும் அமைதியா இருக்கணும்."

அச்சகக்காரர் அதை வேலையாட்களிடம் வேலை பிரிப்பதுபோலப் பிரித்துவிட்டார். அமைதியாக இருப்பது வீட்டாரின் பொறுப்பு, மேற்பார்வை அவருடையது. அன்றுமுதல் மிக்ஸி முனகக்கூடாது, கதவு அதிரக்கூடாது, குழாய் சொட்டக்கூடாது, மகள் போனில் சிரிக்கக்கூடாது, கெட்ட சேதி என்று ஒன்று வாசற்படியையே மிதிக்கக்கூடாது. மீறினால்? தெருமுனைவரை கேட்கும்படி அமைதியைப் போதிப்பார்.

காலையில் எழுந்ததும் பிரஷர் பார்க்கும் சடங்கு. எண் கூடுதலாகக் காட்டினால் மறுபடி பார்ப்பார். கவலையில் இன்னும் ஏறும். மறுபடியும் பார்ப்பார். பிடித்த எண் வரும்வரை யாருக்கும் காபி கிடையாது.

ஒருநாள் அந்த எண் வரவே இல்லை.

"மிஷின் கெட்டுப்போச்சு. இங்க வா, உன் கையில மாட்டிப் பாப்போம். கவலைன்னா என்னன்னே தெரியாதவ நீ!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். அவருடையதைவிட எக்கச்சக்கமாகக் காட்டியது.

"பாத்தியா, நான் சொல்லலை? மிஷின்தான்!"

"மிஷின் சரியாத்தான் இருக்குப்பா" என்றாள் மகள். "அம்மாவுக்கு மாடி ஏறினாலே நெஞ்சு அடைக்குது. உங்களுக்கு டென்ஷனாகும், சொல்லாதேன்னாங்க."

அச்சகக்காரர் மனைவியின் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தார். தன் நெஞ்சுவலியன்றுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"ஏன்மா சொல்லலை?" என்று மனைவியைக் கேட்டார், முதல்முறையாக மெல்ல.

"சொல்ற மாதிரியா இருந்தீங்க?"

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். வழியெல்லாம் அவளே பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்ததும் உங்கள் வீடு சட்டென்று அமைதியாகிவிடுகிறதா? அதற்காகப் பெருமைப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

மேஜையைத் தட்டாமல்.